விக்டோரியாப் பூங்காவில் பெரியம்மா கேட்ட கேள்வி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, கலியாணக் கார்ட்டில அண்ணாவின்ர பேரை என்னெண்டு போடுறது?" மெல்லத்தான் கேட்டாய். முள்ளியவளையில் பெண்ணின் தாய்மாமன் உன்னிடம் கேட்டதைத்தான் இன்னும் கொஞ்சம் மெதுவாக்கி என்னிடம் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். மூத்தவனுக்குச் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்து முடித்துவிட்டு இளையவனை மணவறையில் இருத்துவதுதான் முறை என்று அவர் சொன்னாராம். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வவுனியா பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாய். அரைவாசிச் சோறு நாயின் தட்டில் கிடந்தது.

இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. நான் கதைக்கத் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே கடையில் ஆருக்கோ உருளைக்கிழங்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை வேறு ஆராவது எடுத்து வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. கனகராயன்குளத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழும்பிப் போன தாய்மார் இன்னும் இருக்கிறார்கள்.

அண்ணா போன நாளைப் பற்றி உனக்குப் பெரிதாக நினைவிருக்காது. நீ அப்போது சின்னப் பிள்ளை. சண்டையின் கடைசி நாட்கள், கடற்கரைப் பக்கம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். அப்பாவை அதற்கு முந்தின கிழமைதான் மண்ணுக்குள் வைத்திருந்தோம். அண்ணாவும் நானும் சேர்ந்துதான் கிடங்கு வெட்டினோம். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. கஞ்சி கொடுக்கிறார்கள் என்று சொன்னதும் வாளியை எடுத்துக்கொண்டு போனான். நீயும் வரப்போகிறேன் என்று அழுதாய். உன்னைப் பிடித்து என் மடியில் இருத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் பெரிய சனம். பிறகு சத்தம். பிறகு ஓட்டம். அவன் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்த இடத்தில் அவனும் இல்லை, வாளியும் இல்லை. செட்டிகுளம் முகாமில் ஒரு மனிசன், உங்கட பெடியனை நான் ஒரு பஸ்ஸில கண்டனான் என்று சொன்னார். என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவன் என்று கேட்டேன். நீலம் என்றார். அண்ணா நீலச் சேட்டோடுதான் போனான். நீலச் சேட்டோடு அன்று எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு வருசமும் இருந்துவிட்டேன்.

அப்பாவுக்கு நான் வருசா வருசம் திவசம் செய்கிறேன். அவரை என் கையால் மூடினேன், அதனால் செய்ய முடிகிறது. அண்ணாவுக்கு ஒரு இலை போட்டுப் படைத்தால், அவனை நானே போகச் சொன்னது போலாகிவிடும் என்று நினைத்தேன். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போட்ட வீதியோரப் பந்தலில் மற்றத் தாய்மாரோடு போய் இருந்தபோதும், அவனுடைய படத்தை மடியில் வைத்திருந்தேனே ஒழிய ஒருநாளும் அதற்கு ஒரு பூ வைத்ததில்லை. இதெல்லாம் நீ பார்த்து வளர்ந்தவைதான். இனிச் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. சித்திரை விடுமுறையில் நுவரெலியாப் பூங்காவில் பெரியம்மாவும் நானும் அழுதுகொண்டிருந்ததைக் கண்டாய் அல்லவா? கனகாலம் காணாத சகோதரங்கள், அதுதான் அழுகிறார்கள் என்று நினைத்தாய். அது அந்த அழுகை இல்லை.

பெரியம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தது நீ. அதற்கு நான் உனக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நான் பிறந்தது நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது உன் தாத்தா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். பெரியம்மாவுக்கு அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் கலியாணம் முடிந்திருந்தது. அவர் புருசனோடு அங்கேயே நின்றுவிட்டார். நான் பாவாடை கட்டிய பிள்ளை, லொறியின் பின்னால் ஏறி இருந்துகொண்டு அவருக்குக் கை காட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கடிதம் போட்டோம். பிள்ளை பிறந்தால் எழுதுவோம், ஆராவது செத்தால் எழுதுவோம். சமாதான காலத்தில் போய்வர நினைத்தேன். உன் தாத்தா பாயோடு கிடந்தார், விட்டுவிட்டுப் போக முடியவில்லை. பிறகு சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. முகாமிலிருந்து வெளியே வந்து நான் போட்ட கடிதம் திரும்பி வந்தது. மண்சரிவில் அந்த லயங்கள் போய், ஆட்கள் எங்கெங்கோ சிதறிப் போனார்கள் என்று பிறகுதான் அறிந்தோம்.

நீ வவுனியாச் சந்தையில் மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் கொண்டுவரும் லொறிக்காரரிடம் பெரியம்மாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கேட்டாய். நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டு எத்தனை மாதம் கழித்து ஒரு றைவர் தொலைபேசி இலக்கத்தோடு வந்தார்! அன்று பின்னேரம் நீ போனை என் காதில் வைத்தாய். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நெசமா நீதானா?" என்று ஒரு குரல். ஓம் என்றேன். ஓம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, எங்கள் வீட்டில் ஆமா என்றுதான் சொல்லுவோம். எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்று அவர் கேட்டதும் நான் சொன்னதும் கொஞ்சம்தான். அப்பா இல்லை என்றேன். அண்ணாவைப் பற்றி, ஜெகன் எங்கே என்று கேட்டார். அவன் இன்னும் வரவில்லை என்றேன். கடைக்குப் போன பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

சித்திரையில் வரச் சொன்னார். வீட்டுக்கு இல்லை, பூங்காவுக்கு. மகள் செல்வியோடு டவுனில் ஒரே அறையில் இருக்கிறேன், கால் நீட்ட இடமில்லை, பூங்காவில் பாய் விரித்து இருந்து சாப்பிடுவோம் என்றார். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தீபாவளிக்குத் துணி எடுக்க டவுனுக்கு வரும்போதெல்லாம், அந்தப் பூங்காவின் வேலிக்கு வெளியே நின்று பூக்களைப் பார்ப்போம். வெள்ளைக்காரர் தங்கள் மகாராணியின் பெயரில் உண்டாக்கின பூங்கா. உள்ளே போக ரிக்கற் எடுக்க வேண்டும். ஐயா, அதுதான் உன் தாத்தா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். பெரியம்மாவுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கச்சானும் பனங்கட்டியும் நெத்தலிக் கருவாடும் கட்டிக்கொண்டு உன்னோடு பஸ் ஏறினேன்.

வாசலில் அவர் நின்ற விதம் உனக்கு நினைவிருக்கும். தலை முழுக்க நரைத்து, ஆண்களின் கோட் ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கையில் ரிக்கற்றுகளோடு நின்றார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. முகத்தைத் தொட்டார். தோளைத் தொட்டார். புறங்கையைப் பிடித்து நுள்ளிப் பார்த்தார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஏன் நுள்ளினார் என்று பிறகுதான் விளங்கியது.

நல்ல நாள் அது. சனம் நிறைந்திருந்தது. தட்டளவு டேலியாப் பூக்கள், வெள்ளைக்காரர் நட்ட வானம் தொடும் மரங்கள், அவற்றுக்குக் கீழே குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஒரு பெரிய மரத்தடியில் செல்வி பாயை விரித்தாள். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், லீக்ஸ் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், பிளாஸ்கில் பிளேன்ரீ. நீ இரண்டாந்தரமும் ரொட்டி கேட்டு வாங்கினாய். செல்வியின் பிள்ளைகள் நீ கதைப்பதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பெரியம்மாவோடு கதைக்கத் தொடங்கினதும் என் நாக்கும் தன்பாட்டில் பழைய பேச்சுக்குத் திரும்பிவிட்டது. "அம்மா, நீங்கள் இப்ப ஆர்?" என்று நீ கேட்டாய். கச்சானைக் கடலை என்று சொன்னேன், வேற்று ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாய். இவ்வளவு சிரிப்பு எங்கள் வீட்டில் எவ்வளவு காலத்துக்குப் பிறகு! பிறகு பிள்ளைகள் சின்ன ரெயினில் ஏறவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். நீ சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாய். செல்வியும் பின்னால் போனாள். பெரியம்மா நீங்கள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒங்கள வீட்டுக்குக் கூப்புடாம ஏன் இங்க வரச் சொன்னேன் தெரியுமா?" என்றார்.

வீட்டில் இடமில்லை என்றாயே, சின்ன வயதில் வேலியில் நின்று பார்த்தோமே, அதற்காகத்தானே என்றேன். அதுவும்தான் என்றார். கொஞ்ச நேரம் பாயில் கிடந்த ரொட்டித் துணிக்கைகளைப் பொறுக்கினார்.

"வீட்டுல ஒங்க படம் மாட்டியிருக்கு. மாலை போட்டு."

எனக்கு உடனே பிடிபடவில்லை. யாருக்கு மாலை என்று கேட்டேன். உங்கள் எல்லாருக்கும்தான் என்றார்.

தம்பி, நீ பிறந்து சில மாதத்தில் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுத்தோம். நீ என் மடியில். அப்பா பக்கத்துக் கதிரையில். அண்ணா நடுவில் வெள்ளைச் சேட்டோடு. எங்களிடம் இருந்த பிரதி இடம்பெயர்வில் போய்விட்டது. பெரியம்மாவுக்கு அனுப்பினது அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. சண்டை முடிந்த நாட்களில் அவர் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறார். வவுனியாப் பக்கம் போய்வந்த ஒருவர், அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் மிஞ்சவில்லையாம் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா நம்பாமல் இருந்தார். ஒரு மழைக்காலம் போனது, இன்னொரு மழைக்காலமும் போனது, எங்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, போன உயிர்கள் தாகத்தோடு அலையக்கூடாது என்று ஆற்றங்கரையில் பூசாரியை வைத்து எங்கள் நாலு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கருமாதி செய்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நாலு இலை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு சமைத்துப் படைத்திருக்கிறார்.

லொறி றைவர் வந்து நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொன்ன அன்று, ஓடிப்போய் மாலையைக் கழற்றக் கை வைத்தாராம். முடியவில்லை. தன் கையால் கழற்றினால் ஏதும் நடந்துவிடுமோ என்று ஒரு பயம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு மாலை தொங்குகிறதே என்று இன்னொரு பயம். பூசாரியிடம் ஓடியிருக்கிறார். செத்தவர்களுக்குச் செய்யத்தான் எனக்குத் தெரியும், செய்ததைத் திருப்ப எனக்குத் தெரியாது தாயி என்று அவர் சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் திட்டுவேன் என்று பயந்துகொண்டிருந்தார். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சிரிப்பு.

"எனக்கும் எல போட்டியா அக்கா?"

"போட்டேன். நீ சின்னதுல கேட்டு அழுவியே, தேங்கா ரொட்டி. அதான் வச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"காக்கா தின்னுச்சு. நல்லாத்தான் இருந்திருக்கும்."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்துப் பாயில் இருந்த சிங்களக் குடும்பம் திரும்பிப் பார்த்துத் தாங்களும் சிரித்தது. செத்துப்போன நான் அந்தப் பூங்காவில் இருந்துகொண்டு அதே கையால் சுட்ட தேங்காய் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. நாங்கள் திக்கற்றுக் கிடந்த அந்த வருசங்களில், எங்களை நினைத்து ஒருத்தி சமைத்திருக்கிறாள் என்பது சிரிப்பின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கியபோது, உலகத்தில் எங்களுக்கு ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். மலையில் எனக்கு ஒரு இலை இருந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கின பிறகுதான் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. வரப்போகிற ஆடி அமாவாசைக்கு என்ன செய்வது என்று தெரியாமல்தான் கேட்டார்.

"எல்லாரும் ஒரே படத்துல இருக்கீங்க. ஒன் வீட்டுக்காரருக்கு மாலை இருக்கணும். ஒனக்கும் சின்னவனுக்கும் எடுக்கணும். ஜெகனுக்கு நான் என்ன செய்ய, தங்கச்சி?"

நான் பிளாஸ்கை எடுத்து, வெறுமையாக இருந்த கோப்பையில் ஊற்றினேன். பெரியம்மாவும் வற்புறுத்தவில்லை. மிஞ்சின ரொட்டியைத் துணியில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, கதையை மாற்றுவதுபோல, நாலு இலையிலும் ஜெகனின் இலைதான் எனக்குக் கஷ்டம் என்றார். அவனை நான் கண்ணால் கண்டதில்லை, அவனுக்கு என்ன விருப்பம் என்று நீ எழுதினதும் இல்லை, வளர்கிற பையன் என்று பாயாசம் மட்டும் எப்போதும் கூடுதலாக ஊற்றுவேன் என்றார்.

"அவனுக்குப் பாயாசம் பிடிக்காது அக்கா" என்றேன்.

"பின்ன என்னா புடிக்கும்?"

"புட்டும் நெத்தலிப் பொரியலும். நெத்தலியை நல்லாக் கருகப் பொரிக்கோணும். தலை கிள்ளக்கூடாது. தலை இல்லாட்டிச் சண்டை பிடிப்பான்."

மலைப் பேச்சு போய் எங்கள் வன்னிப் பேச்சு வாயில் வந்துவிட்டதைக் கேட்டபோதுதான், நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. இத்தனை வருசம் எந்தப் பெரியவரும், எந்த அலுவலகக்காரரும், பந்தலுக்கு வந்து ஒலிவாங்கி நீட்டின எந்தப் பிள்ளையும் என் வாயிலிருந்து எடுக்க முடியாத ஒன்றை, அவனுக்கும் இலை போடு என்பதை, நான் பொரியல் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டேன். பெரியம்மாவுக்கும் அது விளங்கிவிட்டது. துணியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. எடுக்க வரவில்லை. அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். சின்னவன் உன் தோளில் நித்திரை. "கனகாலம் காணேல்லைத்தானே, அழட்டும் விடுங்கோ அக்கா" என்று செல்வியிடம் சொன்னாய். மழை தூறத் தொடங்கியது. பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். பெரியம்மாவின் அறையைப் பார்க்காமலே பஸ் ஏறினோம். வழி முழுக்க நான் நித்திரை கொள்வதுபோல இருந்தேன்.

வந்த நாளிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. எனக்குக் கோபமும் வந்தது. கண்ணால் காணாத பிள்ளைக்குக் கருமாதி செய்ய இவர் யார் என்று ஒருநாள் கச்சான் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வாய்விட்டுத் திட்டினேன். அடுத்த நாள் வேறு மாதிரி நினைத்தேன். அவன் இல்லை என்றால், இவ்வளவு வருசமும் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் இருந்தவள் நான், கொடுத்தவள் அவள். அவன் இருக்கிறான் என்றால், அந்த இலையால் அவனுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. எனக்கும் உனக்கும் வரவில்லையே. இலை போட்டும் நாங்கள் இருக்கிறோம். இதை நினைத்த அன்று எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். பெரியம்மா கேட்டதையே நீயும் கேட்கிறாய் என்று தோன்றியது. அதுதான் எழும்பிப் போனேன். உன்மேல் கோபமில்லை.

இப்போது பதில் சொல்கிறேன். கார்ட்டில் அண்ணாவின் பெயரைப் போடு. முழுப் பெயரையும் போடு. அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று வரும், அதைப் பார்க்க எனக்குப் பழகிவிட்டது. அண்ணாவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம். அந்தச் சொல்லை அச்சில் பார்க்க என்னால் ஏலாது. அது என்னுடைய பலவீனமாகவே இருக்கட்டும். பெண்ணின் தாய்மாமன் கேட்டால், மூத்தவனுக்குச் செய்ய வேண்டியது வருசா வருசம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, செய்தது அவனுடைய பெரியம்மா என்று சொல்லு. அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த மனிசனும் நல்லவர்தான், பிள்ளையின் நன்மைக்குத்தான் கேட்கிறார்.

உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளைக்கு இதையெல்லாம் நீயே சொல்லு. எங்கள் வீட்டில் அண்ணாவைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று ஒரு சட்டம்போல இருந்துவிட்டது. நான் போட்ட சட்டம். நீ பள்ளிக்கூடத்தில் அண்ணாவைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தபோது நான் அதை வாசிக்காமல் மடித்து வைத்தேன். நீ அதற்குப் பிறகு எழுதவில்லை. உன் வீட்டில் அப்படி இருக்க வேண்டாம். அவள் கேட்கட்டும். அவன் எப்படிச் சிரிப்பான், எப்படிச் சண்டை பிடிப்பான், சைக்கிளின் முன் பாரில் உன்னை ஏற்றிக்கொண்டு போய் வாய்க்காலில் விழுத்தினது, எல்லாம் சொல்லு. உனக்குத் தெரியாததை என்னிடம் கேட்டுச் சொல்லு. அவள் ஏதாவது கேட்டு உனக்கு வலித்தால், என்னைப்போலத் தண்ணீர் வைக்க எழும்பிப் போகாதே. இருந்த இடத்திலேயே இரு. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, இரு. அவளுக்கும் தன் வீட்டில் இழந்தவை இருக்கும். முள்ளியவளையில் ஒன்றும் இழக்காத வீடு எது? நீயும் கேள்.

நேற்றுப் பெரியம்மாவோடு கதைத்தேன். மாலையை என்ன செய்வது என்று அவர் இன்னமும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறார். கழற்று அக்கா, ஒரு கெடுதலும் வராது, நான் சொல்கிறேன் என்றேன். கழற்றி ஆற்றில் விட்டுவிட்டேன் என்று பின்னேரம் திரும்ப எடுத்துச் சொன்னார். வரப்போகிற ஆடி அமாவாசைக்கு நான் அவரிடம் போகிறேன். அப்பாவின் படத்தைத் தனியாகப் பெரிதாக்கிக் கொண்டுபோவேன். பந்தலில் நான் மடியில் வைத்திருந்த அண்ணாவின் படத்துக்கும் வவுனியாவில் ஒரு பிரதி எடுத்து வை. அதைப் பெரியம்மாவிடம் கொடுப்பேன். மாலை போடுவதும் விடுவதும் அவர் விருப்பம். என் கையால் போடமாட்டேன். ஆனால் அவர் போட்டால் தடுக்கமாட்டேன்.

நீயும் வா. ஏலுமென்றால் அந்தப் பிள்ளையையும் கூட்டிவா, வீட்டார் சம்மதித்தால். முள்ளியவளை வெயிலில் வளர்ந்த பிள்ளை, அங்கே குளிர் தாங்காது, ஒரு தடித்த சுவெட்டர் வாங்கிக் கொடு. இந்த முறை பூங்காவுக்கு இல்லை, பெரியம்மாவின் அறைக்கே போவோம். கால் நீட்ட இடமில்லாவிட்டால் மடக்கிக்கொண்டு இருப்போம். அன்று அவரைச் சமைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வெங்காயம் உரித்துத் தரட்டும். புட்டு நான் அவிப்பேன், நெத்தலி நான் பொரிப்பேன். இலையில் வைப்பது மட்டும் அவர்.

சரியாகத்தான் செய்கிறேனோ என்று எனக்கு இன்னும் தெரியாது, தம்பி. நேற்று இரவு படுத்திருந்து, ஒருநாள் அவன் வந்து நின்று, எனக்கு ஏன் அம்மா இலை போட்டனீங்கள் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். உனக்குப் பசிக்கும் என்று நினைத்தேன் ராசா, அதுதான் சமைத்தேன் என்று சொல்வேன்.

உன்
அம்மா